பரணில் அழுத வெய்க்கோ

எங்கள் ஊரான ஹெம்லாக் முனையில் அந்தக் குளிர்காலம் உயிரோடிருந்தவர்களைவிடச் செத்தவர்களுக்குத்தான் மவுசு. காரணம், லீலண்ட் குவேல். ஆவிகளோடு நேரடியாகப் பேசுபவர். செத்தவர்களின் மனக்குறையெல்லாம் அவருக்கு அத்துப்படி. உயிரோடிருக்கும் மாமியாரோடு மட்டும் பேச்சுவார்த்தை கிடையாது.

கூரை விளிம்பில் தொங்கும் பனி ஈட்டிகள் வெறும் பனியல்ல, கூரைக்கடியிலுள்ள பரணில் குடியிருக்கும் ஆவியின் கண்ணீர் என்றார் அவர். மிச்சிகனின் வடகோடியில், ஜனவரி மாதத்தில், பனி ஈட்டி தொங்காத வீடு எது? ஊரே அவர் வாசலில் நின்றது. ஆவியை விரட்ட மந்திரித்த உப்பு, பொட்டலம் நாற்பது டாலர். நான் மூன்று வாங்கினேன். கல்லூரியில் படித்தவனல்லவா, ஒன்றோடு நிறுத்துவேனா?

அய்லி கோஸ்கெலாவின் வீட்டில்தான் வித்தை உச்சத்துக்குப் போனது. அவர் கணவர் வெய்க்கோ இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பரண் வாயை மூடியிருந்த பலகைக்குக் கீழே லீலண்ட் மெழுகுவத்தியைப் பிடித்தார். சுடர் ஆடியது. சுற்றி நின்ற இருபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

“வெய்க்கோ மேல குளிர்ல நடுங்குறாரு சகோதரி. நீங்க இங்க இருக்கிறவரைக்கும் அவருக்கு நிம்மதி இல்ல. வீட்டை எங்கிட்ட ஒப்படைச்சிட்டு ஞாயித்துக்கிழமைக்குள்ள கெளம்பிடுங்க.”

“நாப்பது வருசம் சேந்து இருந்தோமே... இப்ப என்னைப் பாத்தா அவருக்கு ஆகலையா?” என்று அய்லி தேம்பினார். எனக்கும் அழுகை வந்தது. சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அது பெக்கி லாஹ்டிக்கு வந்தது. கூரை கூரையாக ஏறிப் பனி தள்ளுவது அவள் தொழில். கையில் மண்வாரியோடு முன்னால் வந்தாள்.

“ஐயா, ஊர்ல எல்லார் கூரையிலயும் பனி உருகி விளிம்புல உறையுது. உங்க கூரையில மட்டும் இடுப்பளவு அப்படியே கெடக்குது. ஒரு ஈட்டிகூட இல்ல. ஏன்?”

“என் வீட்டுல ஆவி இல்லம்மா. பரண்ல உப்பு போட்டிருக்கேன்.”

“வாங்க, அந்த உப்பைப் பாத்துட்டு வருவோம்.”

“பரணைத் தெறந்தா ஆவி கோவிச்சுக்கும்!”

“அதான் ஆவி இல்லன்னீங்களே!”

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வந்த இடத்தில் பயபக்தி நிற்குமா? கூட்டம் எதிர்ச்சாரியிலிருந்த லீலண்ட் வீட்டுக்குள் புகுந்தது. அவர் பரண் வாய்க்குக் கீழே கைகளை விரித்து மறித்துக்கொண்டு நின்றார். பெக்கி மண்வாரிக் காம்பால் பலகையை மேலே தள்ளினாள். பொதபொதவென்று சாம்பல் நிறப் பஞ்சு அவர் தலையிலேயே கொட்டியது.

“இதுவாய்யா மந்திர உப்பு?” என்றேன். மூன்று பொட்டலம் வாங்கியவனுக்குக் கோபம் வராதா?

“பழைய பேப்பரை அரைச்ச பஞ்சு இது. பரண் முழுக்க முழங்கால் ஆழத்துக்குக் கொட்டி வெச்சிருக்காரு” என்றாள் பெக்கி. “அதனால வீட்டுச் சூடு மேல போறதில்ல, கூரைப் பனி உருகுறதில்ல. நம்ம வீட்டுச் சூடெல்லாம் பலகை இடுக்கு வழியா மேல ஓடிப் பனியை உருக்குது. அப்படி மேல ஏறுற காத்துதான் சுடரை ஆட்டுது.”

பஞ்சுக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது. ஆவியுடையது அல்ல.

திரும்பி வந்து அய்லியின் பரண் பலகையைச் சுற்றிலும் ஒட்டுநாடா ஒட்டினாள் பெக்கி. மறுபடி மெழுகுவத்தியைப் பிடித்தாள். சுடர் அசையாமல் நின்றது.

அய்லி சுடரிலிருந்து பெக்கியிடம் திரும்பினார். “அப்போ வெய்க்கோ அழலையா?”

“இல்லம்மா. அழுதது உங்க ஹீட்டர்.”

அய்லி கண்ணீரோடு சிரித்தார். “அந்த மனுசன் பரணுக்குப் பஞ்சு போடுறேன், போடுறேன்னு இருபது வருசமாச் சொல்லிட்டே போய்ச் சேந்துட்டாரு!”

அந்த வாரமே நாங்கள் சேர்ந்து அய்லியின் பரணில் பஞ்சு கொட்டி நிரப்பினோம். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊரைவிட்டுக் கிளம்பியவர் லீலண்ட்தான். அவருடைய உப்பு என் வாசற்படிப் பனியை நன்றாக உருக்கியது.

பரணுக்குப் பஞ்சு போதும். தலைக்குள் காலி இடம் வைத்திருப்பவர்கள் அங்கே கொஞ்சம் யோசனையைப் போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் எவனாவது வந்து ஒரு பேயைக் குடிவைத்துவிட்டு, உங்களிடமே வாடகையும் வாங்குவான்.