ஒரே குரலில்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டு, 2009-இல் சிதம்பரம் மேல வீதியில், ஒரு சைக்கிள் கடையின் மாடியில், 'குரல்வழி விலங்குக் கணக்கெடுப்பு' என்பதைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர் முனைவர் அருள்முருகன். வெளிநாட்டிலும் இப்படி எண்ணுகிறார்களாமே என்று கேட்டவர்களிடம், "அவுங்க மெஷின் வச்சி எண்ணுறாங்க. நான் வெறுங்காதால எண்ணுறேன்," என்றார் அடக்கமாக.

முறை மிக எளிது. ஒரு குரல் கேட்டால் ஒரு விலங்கு. காட்டுக்குள் போக வேண்டாம், முள் குத்தாது, செருப்பும் தேயாது.

இந்தப் பெருமை கடலூர் வரை எட்டியது. அங்கே சவுக்குமேட்டில் முந்திரித் தோப்புகளை எடுத்துக்கொண்டு சாயப்பொடி ஆலை கட்ட ஒரு கம்பெனி வந்திருந்தது. தோப்பில் நரிகள் நிறைய இருந்தால் அனுமதி கிடைப்பது கஷ்டம். எனவே 'நடுநிலையான' கணக்கெடுப்பு ஒன்று தேவைப்பட்டது. கம்பெனியே கார் அனுப்பியது, நடுநிலை வெயிலில் வாடிவிடக் கூடாது என்று ஏ.சி.யும் போட்டு.

பொழுது சாயும் நேரத்தில் அருள்முருகன் காரில் உட்கார்ந்தபடியே கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, காதை வைத்தார். தோப்புக்காரி கொளஞ்சியம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். புருஷன் போன பிறகு அந்த மரங்களை வைத்துத்தான் அவள் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறாள். தோப்பு போனால் அவளுக்கு வேறு வழி கிடையாது.

தோப்பு முழுக்க ஒரே நேரத்தில் ஊளை கிளம்பியது.

"ஒண்ணு," என்றார் அருள்முருகன்.

"ஒண்ணா? கூட்டமே கத்துது சார்."

"வேற வேற குரலா கேட்டுச்சாம்மா?"

"இல்ல, எல்லாம் ஒண்ணு சேந்து..."

"ஒண்ணு சேந்துட்டா ஒண்ணுதானம்மா."

"எறங்கி வந்து ஒருதரம் பாருங்க சார். கண்ணுல படும்."

"கண்ணால பாத்தா அது விஞ்ஞானம் இல்லம்மா, வேடிக்கை."

'நரி: ஒன்று' என்று அறிக்கை போனது. ஒற்றை நரிக்கு எதற்கு இத்தனை ஏக்கர் என்று மேலிடம் நியாயமாகவே கவலைப்பட்டது.

அடுத்தது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், கடலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். கரும்பு ஏற்றும் டிராக்டர்களில் ஊரே வந்து இறங்கியது. மேடையில் அதிகாரிகள் ஐந்து பேர், ஆளுக்கொரு தட்டில் வறுத்த முந்திரி. கருத்துகளை எண்ணும் பொறுப்பை, அனுபவசாலி என்பதால், மேடைக்குக் கீழே மைக்கோடு உட்கார்ந்திருந்த அருள்முருகனிடமே கொடுத்திருந்தார்கள்.

ஆலை வரட்டும் என்று கான்ட்ராக்டர் சடையப்பன் பேசினார். அருள்முருகன் ஒரு கோடு போட்டார். நடுவில் மைக் கீச்சிட்டு, சடையப்பன் குரல் மெலிந்தது. இன்னொரு கோடு. சோடா குடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசியபோது மூன்றாவது கோடு. விஞ்ஞானத்துக்கு ஆள் முக்கியமில்லை, குரல்தான் முக்கியம்.

பிறகு கொளஞ்சியம்மாள் எழுந்தாள். "இந்த ஆலை எங்களுக்கு வேணாம்," என்றாள். "வேணாம்," என்றது மண்டபம் மொத்தமும் அவளோடு சேர்ந்து. அருள்முருகனுக்கே உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு தெளிவான குரலை அவர் தம் ஆராய்ச்சியில் கேட்டதே இல்லை.

"ஊர் மக்கள் ஒரே குரலில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்," என்று மைக்கில் அறிவித்தார். சனம் கைதட்டியது. தட்டி முடியும்வரை காத்திருந்து மீதியைப் படித்தார்.

"ஆதரவு மூன்று. எதிர்ப்பு ஒன்று."

கொளஞ்சியம்மாள் மேடையருகே வந்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். ஊளையிடாத நரிய எப்படி எண்ணுவீங்க?"

அருள்முருகன் பூரித்துப் போனார். முறையின் நுட்பத்தைப் பற்றி முதன்முதலாக ஒரு ஜீவன் கேட்கிறது.

"அருமையான கேள்விம்மா. சத்தமே போடாதத எண்ண என் முறையில வழி கெடையாது. கண்ணால பாத்துத்தான் எண்ணணும்."

"அப்ப நானே எண்ணிக்கிறேன்."

கொளஞ்சியம்மாள் மேடைப் பக்கம் திரும்பினாள். அங்கே ஐவரும் வாய் திறக்காமல் முந்திரியை மென்றுகொண்டிருந்தார்கள். அவள் விரலை மடக்கி நிதானமாக எண்ணினாள். ஐந்தாவது விரல் மடங்கியதும் நிறுத்தாமல், அருள்முருகன் பக்கம் இன்னொரு கையை நீட்டினாள்.

"நீங்கதான் சார் குரல் குடுத்துட்டீங்களே. ஆறு."