பிடிமண்ணும் பித்தளைத் தட்டும்

முதல் தப்பு ஆறுச்சாமி மேல்தான். இதில் பொங்கியண்ணனுக்குச் சந்தேகமே கிடையாது. கேட்கிற யாருக்கும் இருக்கக்கூடாது.

ஆறுச்சாமி, பொங்கியண்ணன் மனைவி முத்தாத்தாளின் கூடப்பிறந்த தம்பி. அவிநாசியில் புது வீடு கட்டினான். கட்டட்டும். புதுமனை விசேஷத்துக்கு அக்கா புருசனை எப்படி அழைக்க வேண்டும்? வீடேறி வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, மேலே பத்திரிகையை வைத்து, இரண்டு கையாலும் நீட்டி, "மச்சான், நீங்க வந்துதானுங்க முன்னால நிக்கோணும்" என்று சொல்ல வேண்டும். அவன் என்ன செய்தான்? பத்திரிகையை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். கீழே கும்பிடுகிற கை பொம்மை ஒன்று.

"பொம்மை கும்புட்டா நான் போகோணுமா?" என்று அவர் குடியிருக்கிற கணபதி ஊரே அதிரக் கேட்டார் பொங்கியண்ணன். "தட்டோட அவன் இந்த வாசல்ல வந்து நிக்கற வரைக்கும் அந்த ஊட்டுப் படிய நான் மிதிக்க மாட்டேன். நீயும் மிதிக்கக்கூடாது. சொல்லிப்போட்டேன்."

"சரிங்க" என்றாள் முத்தாத்தாள். அவள் உடனே சரி என்று சொல்வது அந்த வீட்டில் ஒருபோதும் நல்லதற்கல்ல.

விசேஷத்துக்குப் போய் வந்த சொந்தக்காரர்கள் யாரும் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. கூடத்தில் இருந்த மீன்தொட்டியைப் பற்றியே பேசினார்கள். கடல்தண்ணி மீனாம். பவளமாம். பூ மாதிரி விரிந்து விரிந்து மூடுகிறதாம். பொங்கியண்ணன் யோசித்தார். அதைவிடப் பெரிய தொட்டி தன் வீட்டில் வந்தால்? ஊரே பார்க்க வரும். ஆறுச்சாமியும் வந்துதான் ஆக வேண்டும். வருகிறவன் வெறுங்கையோடு வர முடியாது. தட்டு வரும். வந்தே தீரும்.

அன்றைக்கே உக்கடத்தில் ரசாக் பாயின் மீன்கடைக்குப் போனார்.

"பெருசா ஒண்ணு போடுங்க பாய். ஆறுச்சாமிக்குப் போட்டதைவிடப் பெருசா. உப்பு மட்டும் வேண்டாம், ஊட்டுல கல்லுப்பு கெடக்குது."

"ஊறுகாயா போடறீங்கண்ணா? இதுக்கு வேற உப்புங்க. அதை விடுங்க, இதுல மண்ணுதான் முக்கியம். பவள மண்ணு, அரை அடி ஒசரத்துக்குக் கொட்டணும்."

"அரை அடியா? மீனு நீந்தறதுக்கா, வெள்ளாமை பண்றதுக்கா?"

"அழுக்கைத் திங்கறதுக்குண்ணா. அடிமண்ணுல காத்தே போகாது. காத்தில்லாத எடத்துல ஒரு கிருமி வளரும். மீனோட கழிவையெல்லாம் அது தின்னுபோட்டு, காத்தாக்கி மேல உட்டுரும்."

"காத்தில்லாத எடத்துல இருந்து காத்து வருது?"

"ஆமாண்ணா."

"அழுக்கை அள்ளக்கூடாது?"

"கூடாதுண்ணா."

"அப்ப அழுக்கை அழுக்கே தின்னுக்கும்?"

"கிட்டத்தட்ட. நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். மண்ணைத் தொடாதீங்க. மேல லேசாக் கிளறிவிட புழு இருக்கு, நத்தை இருக்கு. அதுக பாத்துக்கும். நீங்க கிளறினா நாத்தம் புடிச்ச விஷக்காத்து கெளம்பும். மீனு மிஞ்சாது."

பொங்கியண்ணனுக்குத் தலை சுற்றியது. மண்ணைத் தொடக்கூடாது என்று சொன்ன முதல் மனிதரை அன்றுதான் பார்க்கிறார். அவர் பிறந்தது மண்ணைக் கிளறியே வளர்ந்த குடும்பம். கிளறாத மண்ணில் புல்கூட ஒழுங்காக வராது. ஆனாலும் தொட்டி வந்தது, மண் வந்தது, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு மீனும் வந்தன.

தொட்டியை யார் பார்க்கிறார்களோ இல்லையோ, அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நாளில் கண்ணாடி ஓரமாக அடிமண் கறுத்தது. இன்னும் கொஞ்ச நாளில் கன்னங்கரேல் என்றாகிவிட்டது. மேலே குட்டி குட்டியாகக் கொப்புளம். கறுத்த மண்ணைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்குமா? களைக்கொத்தைக் கழுவி எடுத்து வந்தார்.

"ஏனுங்க, பாய் தொடக்கூடாதுன்னாருங்களே."

"பாய்க்கு மீனைத் தெரியும். மண்ணைத் தெரியாது. அடிமண் இறுகிப்போச்சு பாரு. ஒரு கொத்து போட்டா மூச்சு விட்டுக்கும்."

மண் மூச்சு விட்டது. நூறு அழுகின முட்டையை ஒன்றாக உடைத்த மாதிரி. பக்கத்து வீட்டு ராமாமணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள். "ஏனுங்க்கா, சாக்கடை உடைஞ்சுபோச்சுங்களா?"

"இல்லீங் அம்மணி, எங்க ஊட்டுக்காரரு உழவு ஓட்டறாரு" என்றாள் முத்தாத்தாள்.

ஆரஞ்சு மீன்கள் இரண்டும் மல்லாந்துவிட்டன.

ரசாக் பாய் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் கொட்டிட்டு மறுபடி போடணுங்கண்ணா. இந்தத் தடவை சீக்கிரம் கூடி வரணும்னா, நல்லா ஓடிட்டிருக்கற பழைய தொட்டி மண்ணு கொஞ்சம் சேர்க்கணும். பாலுக்கு உறை ஊத்தற மாதிரி."

"உங்க கடையில இருக்குமே?"

"கடைத்தொட்டியில மண்ணே போடறதில்லண்ணா, வெறும் கண்ணாடிதான். இந்தப் பக்கம் நான் மண்ணு போட்டு வெச்சுக் குடுத்தது ஒரே ஒரு ஊடுதான்."

யார் வீடு என்று பொங்கியண்ணனுக்குத் தெரியும். முத்தாத்தாள் ஜன்னல் வழியாக அவிநாசி இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலித்தொட்டி கூடத்தில் ஒரு வாரம் நின்றது. வருகிறவர்கள் எல்லாம் "இதென்ன, துணி ஊற வைக்கறதுங்களா?" என்று கேட்டார்கள். அவர் இறங்கி வந்தார்.

"அம்மணி."

"என்னங்க?"

"நீ வேணா ஒரு எட்டு உந் தம்பி ஊட்டுக்குப் போய்ட்டு வாயேன்."

"அய்யய்யோ! படி மிதிக்கக்கூடாதுன்னு சொல்லிப்போட்டீங்களே."

"மண்ணுக்குத்தான் சொல்றேன். ஒரு தூக்குப்போசி மண்ணு."

"பிடிமண்ணா! புதுக் கோயில் கட்டப் பிடிமண் எடுக்கப் போறவங்ககூட வெறுங்கையோட போறதில்லீங்க. மொறைன்னு ஒண்ணு இருக்குது."

"மொறையோ கிறையோ, நீயே பாத்துக்க. எம்பேரை மட்டும் நீ எடுக்கக்கூடாது."

"சத்தியமா எடுக்க மாட்டனுங்க."

மறுநாள் காலை பெரிய பையோடு கிளம்பினாள். "பையில என்ன புள்ள?" "தூக்குப்போசிங்க." வாளி மாதிரி உயரமாக இருக்க வேண்டிய போசி அவ்வளவு அகலமாக, தட்டையாக ஏன் இருக்கிறது என்று அவருக்குக் குழப்பம். பஸ் வந்துவிட்டது.

ஒரு போசி மண் வந்தது. அது போதாதாம். ஒரே தடவையில் நிறைய அள்ளினால் அங்கே உள்ள தொட்டி கெட்டுவிடுமாம். அதனால் புதன்கிழமை தோறும் போனாள். தலை நிறையப் பூவோடு திரும்பி வந்தாள். அவருக்குத் தக்காளி ரசம் வைத்துவிட்டு, தனக்குப் பசி இல்லை என்றாள். அவள் கையில் கோழிக்குழம்பு மணத்தது. மண்ணுக்கு அந்த வாசம் எப்படி வரும் என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் தொட்டி கூடி வந்தது. தண்ணீர் பளிங்காயிற்று. மண்ணில் நூல் மாதிரி புழுக்கள் நெளிந்தன. மறுபடி ஆரஞ்சு மீன் வந்தது, பவளம் வந்தது, பவளம் விரிந்தது. அடிமண் கறுத்தபோது பொங்கியண்ணன் களைக்கொத்தை மச்சில் போட்டுவிட்டார்.

அப்புறம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் நின்றது. இறங்கியது ஆறுச்சாமி. கூடவே அவன் மனைவி ராசாத்தாள். ஆறுச்சாமியின் கையில் ஒரு தட்டு!

பொங்கியண்ணன் உள்ளே ஓடி வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவன் கூடத்துக்குள் வந்தான். இரண்டு கையாலும் நீட்டினான். அவர் மெதுவாக, அவசரமே இல்லாதவர் மாதிரி வாங்கினார்.

தட்டு காலியாக இருந்தது.

"உங்க தட்டுங்க மச்சான். குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"எந்தத் தட்டு?"

"அக்கா மொத மொதல்ல மண்ணு கேட்டு வந்தப்ப, வெத்தலபாக்கு பழத்தோட கொண்டாந்து வெச்சதுங்க. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. விசேஷத்துக்கு நீங்க வராம உட்டதுல எனக்கு ரொம்ப வருத்தமுங்க. ஆனா நீங்களே எறங்கி வந்து தட்டு வெச்சுட்டீங்க. நானும் மனசுல ஒண்ணும் வெச்சுக்கலைங்க. மன்னிச்சுப்போட்டேன்."

மன்னித்துவிட்டான். யார்? யாரை?

பொங்கியண்ணன் சமையல்கட்டுக்குப் பாய்ந்தார். "எம்பேரை எடுக்கக்கூடாதுன்னு சொன்னனா இல்லியா?"

"நான் எடுக்கலைங்க. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து உங்க பேரை என்னிக்குங்க நான் வாயில சொல்லியிருக்கேன்?"

"அப்புறம் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் கையால் தட்டைக் காட்டினாள். அவர் திருப்பிப் பார்த்தார். பித்தளையில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: பொங்கியண்ணன், கணபதி.

"அதெல்லாம் முடியாது. மொதல்ல அந்த வாட்ஸ்அப்புக்கு அவன் பதில் சொல்லட்டும். நான் இப்பவே போய்..."

"கிளறாதீங்க" என்றாள் முத்தாத்தாள், கறி கொதிக்கிற சட்டியைக் கிளறிக்கொண்டே. "அடியில கெடக்கறது அடியிலயே கெடக்கட்டும். கிளறுனா ஊடே நாறும். ஒருக்கா பாத்தீங்கல்ல?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். தொட்டியில் ஆரஞ்சு மீனும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

ஆறுச்சாமி இப்போது வாரா வாரம் வருகிறான். தொட்டியைப் பார்க்கிறான், கோழிக்குழம்பு சாப்பிடுகிறான், "மண்ணு நம்ம மண்ணுங்க மச்சான், சும்மாவா?" என்கிறான். அவன் வைக்க வேண்டிய தட்டு மட்டும் இன்னும் வரவில்லை.

போன வாரம் அவன் மகள் இளவேனிலுக்கு நிச்சயம் என்று பத்திரிகை வந்தது. வாட்ஸ்அப்பில்தான். இந்தத் தடவை கும்பிடுகிற கை பொம்மை இரண்டு.