துவக்கண்ணையும் விபூதி பூசிய துவக்கும்

போருக்குப் பயந்து ஓடிவந்த நாட்டில், கைக்காசு கொடுத்துத் துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்கிச் சுவரில் மாட்டிய ஒரே தமிழர் இந்த உலகத்தில் துவக்கண்ணைதான். இன்னொருவர் இருந்தால் எனக்கு எழுதுங்கள். இருவரையும் ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துகிறேன். ஒரு முழு மாரிகாலம் போனாலும் அவர்கள் பேசி முடிக்கமாட்டார்கள்.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து இருக்கும். பேர்லினில் நொய்கெல்ன் பகுதியில், நாலாம் மாடி வீடொன்றில் நானும் அவரும் கூட்டாக இருந்தோம். வேலையும் ஒரே உணவகத்தில்தான். நான் வெங்காயம் வெட்டுவேன், அவர் கறி வைப்பார். அவருடைய சொந்தப் பெயர் தபால்பெட்டியில் மட்டும் இருந்தது. அதையும் தபால்காரர் தவிர வேறு யாரும் வாசித்ததில்லை.

அவருடைய துவக்குகள் சுடாது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், அவரும் எல்லோரிடமும் முதலில் இதைத்தான் சொல்வார். என்றோ நடந்த உலகப் போரில் ராணுவம் பாவித்து, பிறகு வேண்டாமென்று மலிவாகத் தள்ளிவிட்ட நீளத் துவக்குகள் அவை. குழாயில் துளைபோட்டு, உள்ளே இரும்பை உருக்கி அடைத்து, இனி எந்தக் காலத்திலும் சுடாது என்று கடைக்காரர் கடதாசியும் கொடுத்திருந்தார். அந்தக் கடதாசியை அண்ணை தன் விசாக் கடதாசிகளோடு ஒரே கோப்பில் வைத்திருந்தார். எதை அதிகம் கவனமாகப் பார்த்துக்கொண்டார் என்று கேட்காதீர்கள்.

ஒருநாள் எதிர்வீட்டு அம்மா யன்னலால் சுவரைப் பார்த்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்லிவிட்டார். இரண்டு பேர் வந்தார்கள். நான் விசாக் கோப்பைத் தேடி ஓடினேன். அண்ணைக்கோ கலியாண வீட்டுக்காரன் முகம்.

"வாங்கோ, இருங்கோ. தம்பி, ரோல்ஸைச் சூடாக்கும்!"

ஒன்றரை மணி நேரம் அவர்களுக்கு விளக்கம் நடந்தது. அவருடைய ஜெர்மன் முழுவதும் பழைய துவக்குப் புத்தகங்களில் படித்தது. துவக்கின் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் ஜெர்மன் பெயர் தெரியும், கடையில் பாற்கட்டி கேட்கத் தெரியாது. வைத்தியரிடம் போய்த் தன் இருமலைப் பற்றி, "ஒவ்வொரு வெடிக்கும் தோளைப் பின்னுக்குத் தள்ளுது" என்று சொன்ன மனிதர் அவர். பொலிஸ்காரர்கள் கடைசியில் எழும்பியது ரோல்ஸ் முடிந்ததாலா, பொறுமை முடிந்ததாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"ஏன் அண்ணை உங்களுக்கு இந்த வேலை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஊரில நான் கண்ட துவக்கு எல்லாம் எனக்கு வாயைத்தான் காட்டினது, தம்பி. மற்றப் பக்கம் எப்பிடி இருக்கும் எண்டு ஆறுதலா இருந்து பாக்கவேணும் எண்டு ஒரு ஆசை."



பார்ப்பதோடு அவர் நிற்கவில்லை, ஆராய்ச்சியும் செய்தார். ஒவ்வொரு துவக்குக்கும் ஓர் இலக்கம் உண்டு. உடம்பில் ஒருதரம், பின்னால் இழுத்துத் தள்ளுகிற பூட்டில் ஒருதரம் அதை அடித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றென்றால் பிறந்தபடியே இருக்கிற துவக்கு. வேறென்றால், எங்கெங்கோ கழன்று யார் யாரோடோ பொருத்தப்பட்டது. அப்படிப்பட்டதை அவர் "அகதி" என்பார். "எங்களைப் போலத்தான், பூட்டு ஒரு நாடு, மரம் ஒரு நாடு" என்று சொல்லி, வாங்காமல் வைத்துவிட்டு வருவார். அவரிடமிருந்த மூன்றில் இரண்டு துவக்குகளுக்கு இலக்கம் பொருந்திவிட்டது. மூன்றாவதன் பூட்டில் 6143 என்று தெளிவாக இருந்தது. உடம்பிலிருந்த இலக்கத்தை யாரோ பளபளப்புக்காகத் தேய்த்து அழித்திருந்தார்கள். இரண்டு வருடமாக அதை வாசிக்கப் பூதக்கண்ணாடியோடு போராடினார். குறிப்பெழுதி ஏழு கொப்பிகள் நிரம்பின, இலக்கம் வரவில்லை.

இதற்கிடையில் அவருக்கு வயது நாற்பத்துமூன்று ஆகிவிட்டது. மூன்று சம்பந்தங்கள் குழம்பிப்போயின. முதல் வீட்டார் சுவரைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்காமலே எழும்பினார்கள். இரண்டாவது வீட்டார் மாப்பிள்ளை படம் கேட்டபோது, கையில் துவக்கோடு நிற்கிற படத்தை அனுப்பினார். மூன்றாவது வீட்டாருக்கு இரண்டாவது வீட்டார் சொல்லிவிட்டார்கள்.

வெளியே சிரித்தாலும் அவருக்கு உள்ளே கவலை இருந்தது. "வேலை முடிஞ்சு வந்தால், ஏன் பிந்தினது எண்டு கேக்க ஒரு ஆள் வேணும், தம்பி. நீரும் கேக்கிறீர்தான். ஆனால் பசியில கேக்கிறீர்."

நாலாவது சம்பந்தம் ஹனோவரிலிருந்து வந்தது. பெயர் வதனி, முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. தமையனோடு கோயிலுக்கு பேர்லின் வருகிறார்கள், நல்ல நாளாக ஆயுத பூசையன்று நாலு மணிக்கு எங்கள் வீட்டுக்கும் வருவார்கள் என்று செய்தி வந்தது. இந்த முறை நான் விடவில்லை. மூன்று துவக்குகளையும் கட்டிலுக்குக் கீழே தள்ளச் சொன்னேன். இரண்டைத் தள்ளினார். மூன்றாவதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆயுத பூசையில ஆயுதத்தை வைக்காமல் விடுறதோ?"

"உங்கட ஆயுதம் அகப்பை, அண்ணை!"

"பூசை முடிஞ்ச உடனே உள்ள வைக்கிறன். சத்தியமா."

மத்தியானம் வேலையால் வந்து, மூன்று மணிக்கு அவசர அவசரமாகப் பூசையைத் தொடங்கினேன். சாமி படத்துக்கு முன்னால் கத்திகள், அகப்பை, மிக்ஸி, நடுவில் துவக்கு. எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். விபூதியைத் தண்ணீரில் குழைத்துத் துவக்குக்குக் கொஞ்சம் தாராளமாகவே பூசினேன். தேங்காய் உடைக்கக் கையை ஓங்கியபோது அழைப்புமணி அடித்தது. எங்கள் ஆட்கள் சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்த ஒரே நாள் அதுதான்.

தமையன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே காலடி வைத்தார். பூசை மேசையைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் வதனி வந்து நின்றார். அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணையின் கண் துவக்கில் பட்டது.

"ஐயோ தம்பி, ஈர விபூதியோ! துரு பிடிக்கப்போகுதே!"

வந்தவர்களை மறந்தார். புதுச் சட்டையின் கையாலேயே துவக்கைத் துடைத்தார். மேலே இருந்த விபூதி போய்விட்டது. தேய்ந்துபோன எழுத்துகளின் பள்ளங்களில் மட்டும் தங்கிவிட்டது. பூதக்கண்ணாடிக்கு இரண்டு வருடம் தெரியாதது, இரும்பின்மேல் வெள்ளையாக எழும்பி நின்றது.

"ஆறு... ஒண்டு... நாலு..." கண்ணைக் கிட்டக் கொண்டுபோய் வாசித்தார். பிறகு அப்படியே கதிரையில் சாய்ந்து இருந்துவிட்டார். "எட்டு. கடைசி எட்டு. இதுவும் அகதி."

தமையன் அதற்குள் சப்பாத்துப் போட ஆரம்பித்திருந்தார். "வதனி, வா. துவக்கைக் கும்பிடுற வீட்டில உன்னைக் குடுக்க எனக்கு ஏலாது."

எனக்கு நாலாவதும் போய்விட்டது என்றே பட்டது. ஆனால் வதனி வாசலுக்குப் போகவில்லை. மேசைக்கு வந்து, குனிந்து பார்த்தார்.

"இதை யன்னல் பக்கம் கொண்டு வாங்கோ. நேர வெளிச்சத்தில தெரியாது. பக்கத்தால வெளிச்சம் விழவேணும்."

அண்ணை சொன்னபடி செய்தார். வதனி சேலையிலிருந்து ஓர் ஊசியைக் கழற்றினார். கடைசி இலக்கத்தின் இடப்பக்கத்தை மெல்லச் சுரண்டினார்.

"எட்டில்லை. விபூதி கட்டிபட்டுக் கிடக்கு. இது மூண்டு."

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். 6143.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" அண்ணை முதல்தடவையாகத் துவக்கை விட்டு வதனியைப் பார்த்தார்.

"எங்கட இல்லத்தில வயசானாக்கள் எல்லாற்ற உடுப்பிலயும் இலக்கம் இருக்கு. தோய்ச்சுத் தோய்ச்சு அழிஞ்சு போகும். ஒராளின்ர சுவெட்டரை மற்றாளுக்குப் போட்டால் அதுகள் அழும். எட்டு வருசமா இதுதான் என்ர வேலை."

அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. இலக்கத்துக்கா, வதனிக்கா என்று சொல்லத் தெரியவில்லை. தமையன் ஒரு காலில் சப்பாத்தோடு நின்றார்.

"இது சுடுமோ?" என்று வதனி கேட்டார்.

"சுடவே சுடாது. கடதாசி இருக்கு!"

"அப்ப அலுமாரியில இருக்கட்டும். சுவரில வேண்டாம். அண்ணா, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ. பூசை இன்னும் முடியேல்லை."

தேங்காயைத் தமையனே உடைத்தார். அடுத்த தை மாதம் கலியாணம் நடந்தது, அண்ணை ஹனோவருக்குப் போய்விட்டார். நான் கறி வைக்கிற இடத்துக்கு உயர்ந்தேன். வீடு எனக்குப் பெரிதாகிப்போனது.

ஒரு வருடம் கழித்து, ஆயுத பூசையன்று தொலைபேசி வந்தது. சந்தையில் இன்னொரு துவக்கு வாங்கியிருக்கிறாராம்.

"இலக்கம் பொருந்துதோ, அண்ணை?"

"இல்லைத் தம்பி. பூட்டு வேற, உடம்பு வேற. திருப்பிக் குடுக்கத்தான் நினைச்சனான். வதனி விடமாட்டன் எண்டிட்டா. எங்கையெங்கையோ கிடந்து ஒண்டா வந்து சேர்ந்ததுகளை ஏன் பிரிப்பான், எங்களோடயே இருக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டா."

அவருக்குப் பின்னால் ஒரு குரல், கடைக்குப் போனவர் ஏன் இவ்வளவு பிந்தி வந்தார் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோசத்துக்கு, பக்கத்தில் அண்ணை இல்லையே என்ற குறை ஒன்றுதான் இருந்தது.