பேச்சிராஜாவின் ஏழு மாடி

தாராவி,
ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்புக்குரிய விஜயராணி சித்திக்கு,

உங்கள் அக்காள் மகள் மாலதி பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், மூவரும் நலம். பாண்டுப்பில் நீங்களும் உங்கள் மாவுக்கட்டும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அம்மா பிடுங்கிவிடுவாள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன். முதலில் ஒன்று: கால் முழுவதும் சரியாகும்வரை நீங்கள் வர வேண்டாம். உங்கள் மாலை வகுப்பு என் பொறுப்பில் பத்திரமாக இருக்கிறது.

மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் வரைபடம் சொல்லிக்கொடு, அவர்கள் வாழ்க்கையிலிருந்தே எடு என்றீர்கள். முதல் நாள் யாருக்கு என்ன தின்பண்டம் பிடிக்கும் என்று கேட்டு, ஒரு படம் இரண்டு பிள்ளைகளுக்குச் சமம் என்று பலகையில் எழுதினேன். இட்லி பிடித்தவர்கள் ஐந்து பேர். இரண்டரை இட்லி வரைந்தேன். அந்தப் பாதி இட்லி தான்தான் என்று கண்டுபிடித்து ஜாபெஸ் அழத் தொடங்கினான். பாவமாக இருக்கிறதே என்று அவனுக்கு மட்டும் முழுசாக வரைந்தேன். உடனே மற்ற நால்வரும், "நாங்க ரெண்டு ரெண்டு பேரு ஒரு இட்லிக்குள்ள நெருக்கிட்டு இருக்கோம், அவனுக்கு மட்டும் தனி இட்லியா?" என்று சண்டைக்கு வந்தார்கள். அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

இதற்கிடையில், வகுப்பு நடக்கும் இந்தக் கோலி அறையை நமக்கு விட்டிருக்கும் மண்டல் சங்கத்தின் செயலாளர் வானமாமலை மாமா வாசலில் நின்று தலைகளை எண்ணிவிட்டு, "பிள்ளைய வரலன்னா சனிக்கிழமையோட கோலியத் திருப்பிக் குடுத்துரணும், கேரம் போர்டு போடப்போறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆகவே ஒரு யோசனை செய்தேன். தேர்தல் பேனர் ஒன்றின் பின்பக்கத்தில் பெரிய பட்டை வரைபடம் போட்டேன். கீழே பெயர்கள், பக்கத்தில் எண்கள், ஒரு கட்டம் ஒரு நாள். தலைப்பு, 'வராத நாட்கள்'. நன்றாக வெட்கப்படட்டும் என்று கதவுக்கு வெளியே மாட்டினேன். சித்தி, எங்கள் சந்தில் தமிழ் பேசுகிற அளவுக்கு யாரும் தமிழ் படிப்பதில்லை என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை. அவர்கள் தலைப்பைப் பார்க்கவில்லை, உயரத்தைத்தான் பார்த்தார்கள். பேச்சிராஜாவின் பட்டை ஏழு கட்டம். மறுநாள் அவன் அம்மா பேராச்சி அக்கா வீடு வீடாகப் பூந்தி கொடுத்தாள். "எட்டி, எம் மவனுக்கு ஏழு மாடி! சந்துலயே அவந்தான் ஒசரம்!" நான் பயந்துபோய், "அக்கா, அது வராத நாள்" என்றேன். அவள் என் கன்னத்தைத் தட்டி, "போட்டி பொறாம புடிச்சவளே, வராதவன் பேர யாராவது இவ்ளோ பெருசா செவுத்துல மாட்டுவாளா?" என்றாள். அதில் நியாயம் இருந்தது. பூந்தியைத் தின்றேன்.

ஜெஸியின் அப்பா தனசீலன் மாமா அன்று மாலையே தையல் கடையிலிருந்து நேராக வந்துவிட்டார். ஜெஸி ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. அதனால் அவள் பெயருக்கு மேலே ஒன்றுமே இல்லை. "மழையில கூட அனுப்புதேன். எம் மவளுக்கு ஒரு கட்டங்கூட கெடையாதா?" என்று கோபித்துக்கொண்டு மறுநாள் அவளை அனுப்பவில்லை. விதிப்படி நான் ஒரு கட்டம் வண்ணம் தீட்டினேன். அவர் வந்து பார்த்து, "பாத்தியா, கேட்டாத்தான் கெடைக்கும்" என்றார். இந்தச் செய்தி சந்து முழுவதும் பரவியது. வியாழக்கிழமை வகுப்பில் நானும் சாக்பீஸும் மட்டும் இருந்தோம்.

ஆனால் சித்தி, உள்ளேதான் யாரும் இல்லை. வெளியே எல்லாரும் இருந்தார்கள்! தங்கள் கட்டம் சரியாக ஏறுகிறதா என்று காவல் காக்க வந்திருந்தார்கள். பேச்சிராஜா தன் தங்கை தமன்னாவை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றான். "மாலதி தீதி, ஜாபெஸோட கட்டம் என்னோடத விட ஒசரமா இருக்கு. எல்லாம் ஒரே சைஸ்ல வேணும். இது சீட்டிங்!" அளந்து பார்த்தேன், அவன் சொன்னது சரி. இன்னொருத்தி, "நம்பர் ஒண்ணுல இருந்தா ஆரம்பிக்கும்? ஜீரோ எங்க?" என்றாள். நான் சொல்லிக்கொடுக்க நினைத்ததெல்லாம் கதவுக்கு வெளியே தானாக நடந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை வானமாமலை மாமா கேரம் போர்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார்.

"ஏலே, எல்லாம் வெளிய நிக்கிய? உள்ள பாம்பா கெடக்கு?"

"உள்ள போனா எங்க பில்டிங் வளராது மாமா."

"என்னல பில்டிங்கு?"

பேச்சிராஜா விரலை வைத்து விளக்கினான். "கீழ பேரு. பக்கத்துல நம்பரு. ஒரு கட்டம் ஒரு நாளு. எம் பேருல இருந்து நேரா மேல போனா ஏழு. ஏழு நாளு நான் வரல." மிகவும் பெருமையாகத்தான் சொன்னான். வேலை முடிந்து வந்த பேராச்சி அக்கா அவன் பின்னால் நின்றதை அவன் பார்க்கவில்லை.

"அப்ப நான் பூந்தி குடுத்தது இதுக்கா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "சின்னவளப் பாத்துக்க ஆளில்லன்னு நாந்தாம்ட்டி இவன நிப்பாட்டுதேன். அது எந்தக் கட்டத்துல இருக்கு?" என்று கேட்டாள்.

வரைபடம் முழுவதும் தேடினேன், சித்தி. அதற்கு நான் இடமே விடவில்லை.

அப்புறம்தான் ஒன்று தோன்றியது. தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நிற்கிறவன் அப்படியே உள்ளே வந்து உட்காரலாமே! கேட்டேன். "புள்ளையத் தூக்கிட்டு வந்தா டீச்சர் திட்டுவாங்கன்னு நெனச்சேன்" என்றான். நீங்கள் திட்ட மாட்டீர்கள் என்று உங்களைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். அவன் உள்ளே வந்தான். அவன் பின்னால் எல்லாரும் வந்தார்கள். வானமாமலை மாமா மறுபடி தலைகளை எண்ணிவிட்டு, "தலையில வச்சது கனக்கு. தீவாளி கழியட்டும், பாப்போம்" என்று போர்டோடு திரும்பிப் போனார்.

இப்போது புதுப் படம், 'வந்த நாட்கள்'. தலைப்பைப் பிள்ளைகள் தமிழிலும் இந்தியிலும் எழுதினார்கள். எல்லாப் பட்டையும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கி நேற்றைக்கு ஒரு கட்டம். தமன்னாவுக்கும் ஒன்று. தனசீலன் மாமா மட்டும், "எல்லாரும் ஒரே ஒசரம்னா எம் மவ எங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உங்களுக்கும் பாண்டுப்பில் எல்லாருக்கும் எங்கள் அன்பு. கால் ஆறட்டும், எலும்பு சேரட்டும்.

உங்கள் கீழ்ப்படிந்துள்ள,
மாலதி

பி.கு.: முதல் பத்தியில் நீங்கள் வர வேண்டாம் என்று எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். இந்தக் கடிதத்தை எழுதி முடிப்பதற்குள் பிள்ளைகள் பழைய படத்தில் உங்கள் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். பேனர் போதாமல் உங்கள் பட்டை, வானமாமலை மாமா புதிதாக வெள்ளையடித்த சுவரில் ஏறி, இப்போது கூரைத் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பேச்சிராஜா ஸ்டூல்மேல் நிற்கிறான். மாமா கீழே நின்று கத்துகிறார். பேராச்சி அக்கா உங்களுக்காகப் பூந்தி வாங்கக் கிளம்பிவிட்டாள். சீக்கிரம் வாருங்கள், சித்தி.