அலைப்பலகையில் எழுதிய வசை

இனி இந்தப் பட்டறையில் என் சொல்லே செல்லும் என்று, காலைப் பாராயணம் முடித்து நூலை மூடிய கையோடு உறுதி பூண்டேன். அவ்வுறுதி பத்து நாள் வரை உயிர் தரித்திருந்தது.

நான் அலைச்சறுக்குப் பலகை செய்பவன். முன்னறையில் நான் செதுக்குவேன். பின்னறையில் என் இல்லாள் அதன்மேல் கண்ணாடியிழைத் துணி போர்த்தி, ரெசின் என்னும் பிசினை ஊற்றி, இறுகியபின் தேய்த்து மெருகேற்றுவாள். முப்பத்தோர் ஆண்டுகளாக இதுவே முறை. செதுக்கி முடித்ததும் அளவையும் தன் பெயரையும் பலகையின்மேல் பென்சிலால் எழுதுவது எங்கள் தொழில் வழக்கு. ரெசின் மூடிய பிறகு, பலகை உடையும்வரை அவ்வெழுத்து அழியாது. தலையெழுத்துக்கு அடுத்தபடி நிலைத்த எழுத்து அது. பெற்ற பெண்கள் இருவருக்கும் அவள் சாயல். பலகைகளில் மட்டுமே என் பெயர்.

கடற்கரையில் அலைச்சறுக்கு கற்பிக்கும் ஆசிரியை, புதிதாய்ப் பயில்வோருக்குப் பன்னிரண்டு பலகைகள் கேட்டாள். மாதிரிக்கு முதலில் ஒன்று. நான் பால்சா மரத்தை எடுத்தேன். ஒடுங்கிய உடல், கூரிய மூக்கு, மேல்நோக்கி வளைந்த முனை. இல்லாள் வந்து நின்றாள்.

"என்னங்க இது, ஈட்டியா?"

"பலகை."

"யாரைக் குத்தறதுக்கு?"

"ஆளுயர அலை செங்குத்தா விழும்போது மூக்கு வளைஞ்சிருந்தாத்தான் தண்ணிக்குள்ள சொருகாது. உடம்பு ஒடுங்கினாத்தான் வேகத்துல பிடி நிக்கும். மரத்தோட கனம் இருந்தாத்தான் காத்துக்கு ஆடாது."

"எல்லாம் சரி. அந்த ஆளுயர அலை எங்க இருக்கு?"

"வரும்."

"நம்ம கடல்ல முழங்கால் அலை வந்தாலே கூட்டம் கூடுது. சின்ன அலைக்குத் தள்ற சக்தி கிடையாதுங்க. பலகைதான் மிதந்து குடுக்கணும். அகலமா, தடிப்பா, அடி தட்டையா, மூக்கு உருண்டையா, தெர்மாகோல்ல செய்யுங்க."

"டிவி பெட்டியில அடைக்கிற சரக்குல என் பேரை எழுதணுமா?"

"நீச்சலே தெரியாத பொண்ணு ஏறி நிக்கப்போகுது. அதுக்கு உங்க பேரைப் பிடிச்சுக்கிட்டா மிதக்க முடியும்?"

மாயையின் வாய்க்கு மறுமொழி கூறலாகாது என்று மரத்தை இழைக்கத் தொடங்கினேன். மரப்பலகையே கடலுக்குச் சென்றது. ஆசிரியை அதன்மேல் குப்புறப் படுத்தாள். பலகை அடக்கமாக நீருள் அமிழ்ந்தது. பலகை அவளைக் கரைசேர்க்கவில்லை. அவள்தான் பலகையைக் கரைசேர்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு ஐயா," என்றாள், தலைமயிரைப் பிழிந்தபடி. "சுவத்துல மாட்டலாம்."

இல்லாள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமலிருப்பதைக் கேட்பது பெருந்துன்பம்.

மூன்று நாள் அவள் சொன்ன அளவுக்கே தெர்மாகோலை இழைத்தேன். வெள்ளை மணிகள் புருவத்திலும் காதிலும் ஒட்டின. இழைத்து முடித்தபோது, பெயர் எழுதும் இடத்தில் என் கை நின்றது. நெஞ்சு கசந்தது. பென்சிலை அழுத்தி எழுதினேன்: 'அளவும் வடிவும் மனைவி சொன்னவை. துணியும் ரெசினும் மனைவி போட்டவை. நான் வெறும் கைக்கருவி.'

படித்துக் கலங்குவாள், அழித்துவிட்டு உங்கள் பெயரையே எழுதுங்கள் என்று இறைஞ்சுவாள் என்பது என் எண்ணம். கலங்காவிட்டாலும் குற்றமில்லை, தெர்மாகோலின் மணி தெரியாதிருக்க அவள் நீலச் சாயம் கலந்த ரெசினையே ஊற்றுவாள், எழுத்து அதனடியில் மறைந்தொழியும். இரு கரையும் கட்டிய பின்னரே கோபத்தைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் பின்னறையில் பலகை பளபளத்தது. பளிங்கினூடே தெரிவதுபோல் ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது.

"நீலம் எங்க?"

"போடலை."

"படிச்சியா?"

"ரெண்டு தடவை. தப்பு எதுவும் இல்லை. அதான் மூடலை."

"அது கோபத்துல எழுதினதுடி."

"முப்பத்தோரு வருஷம் சாந்தமா இருந்தீங்களே, அப்ப எழுதலையே."

அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. ரெசின் அரித்துத் தடித்த விரல்களை மண்ணெண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆசிரியை வந்து பலகையைத் தூக்கிச் சென்றுவிட்டாள்.

மாலையில் திரும்பி வந்தவள் கண்களில் நீர்.

"முழங்கால் அலைதான் ஐயா. வந்த ஏழு பேரும் எழுந்து நின்னுட்டாங்க. எழுத்தைப் படிச்சுட்டு அக்காவைப் பார்க்கணுங்கறாங்க. பன்னிரண்டும் இதே மாதிரி வேணும்."

"செஞ்சுடலாம்மா. எழுத்து மட்டும் இல்லாம."

"எழுத்து இல்லாம எனக்கு வேண்டாம் ஐயா. இந்தக் காலத்துல எந்தப் புருஷன் இப்படி எழுதறாரு?"

இல்லாள் தலைகுனிந்து நின்றாள். அடக்கம் என்று ஆசிரியை நினைத்தாள். தோள் குலுங்கியதை நான் மட்டுமே கண்டேன்.

அன்றுமுதல் என் கையாலேயே எழுதி வருகிறேன். பற்றறுத்தல் எளிதென்று நூல்களில் படித்தபோது, அறுக்கவேண்டிய பற்று ஒருவன் பெயராகவும் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பாராமல் போனேன். பதினொரு பலகைகள் பொறுத்தேன். பன்னிரண்டாவதில் பொறுமை அற்றது. அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வசை முழுதும் விலக்கி, என் பெயரை மட்டும் பெரிதாக எழுதினேன். கண் குளிரப் பார்த்தேன். மனநிறைவோடு சற்றுக் கண்ணயர்ந்தேன்.

எழுந்து வந்தபோது பலகை துடைத்துவிட்டாற்போல் வெறுமையாய் இருந்தது. தரையெல்லாம் வெள்ளைத் தூள். இல்லாள் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, பென்சிலைச் சீவி என் கையில் கொடுத்தாள்.

"மறுபடி எழுதுங்க. இந்தத் தடவை கொஞ்சம் பக்தியோட."