பாட்டில் சாரும் வடகடல் தண்ணீரும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் யோசித்தே பல வருடங்கள் ஓடிவிட்டன. நான் ஒன்பதாவதோடு நின்றவன். பெருமாளைச் சேவிப்பதும் மளிகைக் கடையைப் பார்த்துக்கொள்வதும்தான் எனக்குத் தெரிந்த காரியம். விஞ்ஞானத்தைப் பற்றி எழுதப் போய் ஏதாவது பிசகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு. இந்த மாசி மகத்தன்று பெருமாளிடம் உத்தரவு கேட்டேன். அவர் மறுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

செஞ்சியில் தண்ணீரைக் கும்பிட்டவர்கள் உண்டு, தண்ணீருக்காகக் குடத்தால் அடித்துக்கொண்டவர்களும் உண்டு. தண்ணீரைப் பார்த்து "நீ எந்த ஊரு?" என்று விசாரித்த ஒரே மனிதர் எங்கள் தெரு பாட்டில் சார்தான்.

அவர் தளவானூர் பக்கத்துக்காரர். கடலை ஆராய்ச்சி செய்யும் கப்பலில், ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்துப் பாட்டிலில் அடைக்கும் வேலை. ஓய்வு பெற்றதும் எங்கள் தெருவில் வீடு கேட்டு வந்தார். ஆட்டோவிலிருந்து முதலில் இறங்கியது ஒரு பெட்டி நிறையப் பாட்டில். வீட்டுக்காரர் வாசலிலேயே கையை விரித்து மறித்துக்கொண்டார்.

"குடிக்கிறவங்களுக்கு வூடு தர்றதில்ல சார்."

"இதை யாராலயும் குடிக்க முடியாதுங்க. எல்லாம் கடல் தண்ணி."

"கடல் தண்ணிய எதுக்கு சார் இம்மாந்தூரம் தூக்கினு வந்தீங்க?"

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கடலுங்க. பக்கத்துல இருந்தா எனக்குத் தூக்கம் வரும்."

குடிகாரனை விடப் பைத்தியம் தேவலை என்று வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒருநாள் டீக்கடையில் கேட்டோம். வடக்கே வெகுதூரத்தில், குளிர் தேசத்துக் கடற்கரையில், அணு உலைக் கழிவைக் கையாளும் ஆலைகள் இருக்கின்றனவாம். அவை கடலில் விடும் தண்ணீரில் கதிர்வீச்சுள்ள அயோடின் துளித்துளியாகக் கலந்திருக்கும். கடல் எங்கே ஓடினாலும் அதையும் கூட்டிக்கொண்டு போகும். வேறெங்கோ தண்ணீர் எடுத்துப் பார்க்கையில் அந்த அயோடின் இருந்தால், அது அந்த வடகடலிலிருந்து வந்த தண்ணீர் என்று தெரிந்துவிடும்.

"அப்ப தண்ணிக்கும் ஆதார் கார்டு இருக்குதுன்னு சொல்லுங்க" என்றார் டீக்கடைக்காரர்.

நாங்கள் சிரித்துவிட்டுக் கலைந்தோம். ஆனால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது, பாட்டில் சார் வீட்டு அலமாரியில் அணுகுண்டு இருக்கிறதென்று. அவர் வீட்டு எதிரில் வடகம் காயப்போட்டிருந்தவர்கள் பாயோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பயத்தைப் போக்க சார் வாசலுக்கு வந்தார். வராமல் இருந்திருக்கலாம்.

"பயப்படாதீங்கம்மா. கதிர்வீச்சு எங்கதான் இல்ல? நீங்க சாமிக்கு வைக்கிற வாழப்பழத்துலகூட ரவோண்டு இருக்குது."

மறுநாள் காலை என் மனைவி அர்ச்சனைத் தட்டில் வாழைப்பழத்துக்குப் பதில் கொய்யா வைத்திருந்தாள். தெருவே கொய்யாவுக்கு மாறிவிட்டது. மூன்றாம் நாள் பழக்காரம்மா தள்ளுவண்டியை அவர் வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டாள்.

"இன்னா சார், என் பொழப்புல மண்ணப் போடறியா? இப்ப நீ இதைத் தின்னணும்!"

சார் தெருவே பார்க்க ஒரு சீப்பு பழத்தையும் தின்று முடித்தார். அதன்பிறகுதான் சாமிகளுக்கு மறுபடி வாழைப்பழம் கிடைத்தது.

அவருக்கு இருந்த ஒரே வியாதி உண்மை. ஆறுதலுக்காகக்கூட ஒரு பொய் வாயில் வராது. காய்ச்சல்காரரைப் பார்க்கப் போய், "நாளைக்கு இன்னும் ஏறும்" என்பார். ஏறும். அதனாலேயே அவரைச் சரோஜா அக்காவிடம் அண்ட விடக்கூடாது என்று நாங்கள் எல்லோரும் பேசிவைத்திருந்தோம்.

அக்கா பஸ் ஸ்டாண்டு அருகே இட்லிக்கடை வைத்திருந்தாள். அவள் ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவன். அந்த வடகடலில் ஒரு புயலில் விழுந்துவிட்டான். உடம்பு கிடைக்கவில்லை. மாசி மகத் தீர்த்தவாரிக்கு நாங்கள் வேன் பிடித்துப் புதுச்சேரிக் கடலுக்குப் போகும்போதெல்லாம் அக்காவும் பால் சொம்போடு வருவாள். ஆனால் இறங்க மாட்டாள். கடலுக்கு முதுகைக் காட்டி வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள்.

"எம்புள்ள கெடக்கிற கடலு வேற. இதுல முழுவி இன்னா ஆவப்போவுது?" என்பாள். சொம்புப் பால் அப்படியே ஊருக்குத் திரும்பும்.

ஒரு வருடம் சாரும் வந்தார். அவரை முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் திணித்தோம். தீர்த்தவாரி முடிந்து நான் துண்டு எடுக்க வேனுக்கு வந்தால், சார் அக்காவுக்கு எதிர்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா கேட்டே விட்டாள்.

"சார், நீ கடல்லயே இருந்தவரு. எம்புள்ள போன தண்ணி இங்க வருமா?"

'பெருமாளே, இன்றைக்கு ஒருநாள் இவருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடு' என்று வேண்டினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் வரலம்மா" என்றார்.

அவர் கழுத்தை நெரிக்கலாமா என்று இருந்தது எனக்கு.

"எப்ப வரும்?"

"உன் ஆயுசுல வராது. என் ஆயுசுலயும் வராது. அங்க தண்ணி சில்லுனு ஆயி, கனத்து, அடிக்குப் பூடும். அடியிலயே தெக்க நவுந்து, ஆப்பிரிக்காவச் சுத்தி வரணும். நூறு நூறா வருசம் புடிக்கும்."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். சார் விடவில்லை.

"ஆனா கெளம்பிடுச்சும்மா. அந்த அயோடினத் தேடிப் பாத்ததுல, அங்கத்துத் தண்ணி தெக்க எறங்கி வர்றது தெரிஞ்சுது. வழியில இருக்குது."

"வழி தவறிடாதே?"

"அங்க இங்க கலையும். ஆனா நடுவுல செவுரு எதுவும் கெடையாதும்மா. எல்லாம் ஒரே கடலுதான்."

அக்கா சொம்பை எடுத்துக்கொண்டு இறங்கினாள். மணலில் தடுமாறியவளைப் பேன்ட்டும் செருப்புமாகச் சார்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். இடுப்பளவு தண்ணீரில் நின்று பாலை ஊற்றினாள். "மெதுவா வாடா கண்ணு" என்று கடலைப் பார்த்துச் சொன்னாள். மூன்று முறை முழுகினாள்.

சார் இப்போது செங்கல்பட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். படித்தவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் அலை வந்து அக்கா காலைத் தொட்டு நின்றது, கடலில் மகன் முகம் தெரிந்தது என்றெல்லாம் சேர்த்துவிடாதீர்கள். நடந்தது இவ்வளவுதான். கூட்டிச் சொன்னது காதில் விழுந்தால் அந்த மனிதர் மனசு நோகும். அவர் மனசு நோவதை என்னால் பொறுக்க முடியாது.