இரண்டு லட்சம் பாட்டுகளில் அந்த ஒரு பாட்டு

பெருமதிப்பிற்குரிய யாசுமாசா அத்தானுக்கு,

செண்டாயிலிருந்து ஹிசாஷி பணிவுடன் எழுதுவது. இங்கே மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. வாசலில் ஹைட்ரேஞ்சாப் பூக்கள் நீலமாவதா ஊதாவாவதா என்று முடிவு செய்ய முடியாமல் நிற்கின்றன. நீகாத்தாவில் நடவு நல்லபடியாக முடிந்திருக்கும், தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், ரியோகோ அக்கா சௌக்கியமாக இருப்பாள் என்று நம்புகிறேன். பருவம், பயிர், முழங்கால் மூன்றையும் விசாரித்தாகிவிட்டது, இனி எனக்குக் கடிதம் எழுதத் தெரியாது என்று அக்கா குறை சொல்ல முடியாது. விஷயத்துக்கு வருகிறேன். என் கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது. காரணம் தாங்கள்.

காரணம் தாங்கள் என்று எழுதியது கொஞ்சம் அதிகம்தான். வேறு தாளில் மாற்றி எழுதலாம் என்றால் நல்ல தாள் இது ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள் அத்தான். முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை, மெஷின் வாசிக்கத் தான் பாட வேண்டிய கரோக்கே அறையில் படும் பாடு தங்களுக்குத் தெரியாததா? எங்கள் ஆபீஸ் விருந்தில் ஒரு பக்கம் பிரிவுத் தலைவர், போன தலைமுறைப் பாட்டைத் தவிர எதற்கும் தலையாட்ட மாட்டார். இன்னொரு பக்கம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், அவர்கள் பாடும் பாட்டில் மூச்சு விடவே இடம் கிடையாது, நான் ஒரு முறை முயன்று பார்த்து முதல் சரணத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் மாட்டிய எங்கள் வயசுக்காரர்களுக்கு இருக்கும் ஒரே புகலிடம், பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து பார்த்த கார்ட்டூன் ரோபோவின் ஆரம்பப் பாட்டு. அதைப் போட்டால் வழுக்கை விழுந்தவன், விவாகரத்து ஆனவன், வீட்டுக்கடன் வாங்கியவன் எல்லாரும் எழுந்து நின்று முஷ்டியை உயர்த்துவார்கள். நானும் அதை வைத்தே இத்தனை வருஷம் மானத்தோடு பிழைத்துவந்தேன். அப்படிப்பட்ட என்னிடம், புத்தாண்டு விருந்தில் தாங்கள்தான் சொன்னீர்கள்: "டேய் ஹிசாஷி, உனக்குப் பிடிச்சதைப் பாடாதே, கேக்குறவனுக்குப் பிடிச்சதைப் பாடு. அவ்வளவுதான் ரகசியம்." இதைச் சொன்ன கையோடு தாங்கள் பாடினீர்கள், எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா மட்டும், "தாளம் ஒரு தெரு, உங்கத்தான் ஒரு தெரு" என்று முணுமுணுத்தாள். நான் அக்காவின் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும்.

மினோரியைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். அவள் அப்பா உபுகாதா அவர்கள் ஷியோகாமாவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் கேட்டுப் போனால் நேராகப் பதில் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஹொதருவுக்கு வாங்க தம்பி, ஒரு பாட்டு பாடுங்க" என்றார். ஹொதரு என்பது மீன்சந்தைக்குப் பின்னால் இருக்கும் சின்ன மதுக்கடை, மத்தியானங்களில் வயசானவர்கள் கூடி ஊலாங் தேநீர் குடித்துப் பாடும் இடம். பாட்டு பிடித்தால் பெண் என்று எனக்குப் புரிந்தது. அன்றே மினோரிக்குப் போன் செய்து, உங்கப்பாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டேன். அவள் குளித்துவிட்டு வந்து தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். "இரண்டாம் நடைமேடையில் ஒரு குடை"தான் என்றாள், பிறகு இன்னும் ஏதோ சொன்னாள், அது உலர்த்தியின் இரைச்சலில் போயிற்று. இன்னொரு முறை சொல் என்று கேட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அத்தான், அவள் சொன்னது என்ன என்று பின்னால்தான் தெரிந்தது: "அதான் அப்பாவோட பதினெட்டு."

பதினெட்டு! அவரவர் சொந்தப் பாட்டு. அந்த ஆள் உயிரோடு இருக்கும்வரை அந்த அறையில் வேறு எவனும் தொடக் கூடாத பாட்டு. பக்கத்து வீட்டுக்காரரின் பல்செட்டை எடுத்து நாம் மாட்டிக்கொள்வோமா? நான் மாட்டிக்கொண்டேன். அதுவும் மூன்று வாரம், தனியாளுக்கான கரோக்கே அறையில் உட்கார்ந்து, மெஷின் மதிப்பெண் போடப் போட, ஒவ்வொரு சுரமாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டு மாட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. ஹொதருவில் நுழைந்ததும் நனைந்த தொப்பியைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினேன். அந்த ஆணியில் ஏற்கனவே ஒரு டம்பூரின், சலங்கை வைத்த சின்னக் கைப்பறை, தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே மாட்டினேன். கடைக்கார அம்மா கினுயோ தொப்பியை எடுத்து வேறிடத்தில் வைத்தார். நான் அதையும் உபசாரம் என்றே நினைத்தேன். "விருந்தாளி முதல்ல" என்று எல்லாரும் சொன்னார்கள். சத்தியமாக என் விரல் ரோபோ பாட்டின் எண்ணுக்குத்தான் போனது. அந்த நேரம் பார்த்துத் தங்கள் பொன்மொழி ஞாபகம் வந்து தொலைத்தது. கேட்கிறவனுக்குப் பிடித்தது! எண்ணை மாற்றி அழுத்தினேன்.

திரையில் தலைப்பு வந்ததும் அறை அடங்கிப்போயிற்று. மீன்கடை ஓஃபுகு அம்மா வாயில் போட இருந்த உலர்ந்த கணவாயைத் தட்டிலேயே வைத்துவிட்டார். உருகுகிறார்கள் என்று நினைத்தேன் அத்தான். கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். இரண்டாம் சரணத்தில் "குடையை விரி" என்ற இடத்தில் ஒரு துளி இழுக்காமல், மெஷின் எப்படிக் கேட்குமோ அப்படியே பாடினேன். கண்ணைத் திறந்தபோது திரையில் வாணவேடிக்கை, தொண்ணூற்றாறு மதிப்பெண். கை தட்டியது மெஷின் மட்டும்தான். பக்கத்துச் சுவரில், "ஹொதருவின் சாதனை, இரண்டாம் நடைமேடையில் ஒரு குடை, உபுகாதா, தொண்ணூற்றொன்று" என்று தூரிகையால் எழுதி ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

உபுகாதா அவர்கள் எழுந்து, "நல்லா இருந்துச்சு தம்பி. எனக்கு இன்னிக்குத் தொண்டை சரியில்ல" என்று சொல்லிக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"ஏந்தம்பி, உங்களுக்கு வேற பாட்டே கிடைக்கலையா?" என்றார் கினுயோ அம்மா. "அந்த டம்பூரின் அவரு சம்சாரம் சாயோவோடது. அவரு பாடுவாரு, அந்தம்மா அடிக்கும். குடையை விரின்னு வர்ற இடத்துல எப்பவும் லேட்டாத்தான் அடிக்கும், புண்ணியவதிக்குத் தாளமே வராது. அவரும் அது அடிக்கட்டும்னு காத்திருந்துதான் அடுத்த அடிக்குப் போவாரு. அந்தம்மா போய் நாலு வருஷமாச்சு. இன்னும் அந்த இடத்துல நிக்கிறாரு. அதனாலதான் மெஷின் மார்க்கைக் குறைக்குது."

"நான் நிக்கலையே" என்றேன்.

"அதான் தெரிஞ்சுதே" என்றார் ஓஃபுகு அம்மா, கணவாயை மெல்ல ஆரம்பித்து.

அத்தான், எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மனிதர் நாலு வருஷமாக மனைவிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த இடத்தில் நான் போய்ச் சட்டமாக நடந்து, அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். மழையில் ஓடினேன். அவர் வீட்டு வாசலில் நின்று அழைப்புமணியை அழுத்தி, மன்னிக்க வேண்டும், மன்னிக்க வேண்டும் என்று சுவரில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்துக் குனிந்து குனிந்து கும்பிட்டேன். பிறகு, "தம்பி, நனையாதீங்க. வாசல்ல குடை இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று குரல் வந்தது. அவ்வளவுதான். கதவு திறக்கவில்லை. குடையோடு திரும்பி வந்தேன், அதுவும் இப்போது என் வீட்டு மூலையில் நின்று என்னையே பார்க்கிறது.

மினோரியிடம் சொன்னேன். "ரெண்டு லட்சம் பாட்டு இருக்குடா அந்த மெஷின்ல! உனக்கு எங்கப்பாவோடதுதான் கிடைச்சுதா?" என்று கத்தினாள்.

ஆகவே அத்தான், தாங்கள் பெரிய மனது பண்ணி, நல்ல கறுப்பு உறையில் ஒரு பெட்டி பயற்று இனிப்பு வாங்கிக்கொண்டு, கோட்டும் டையுமாக ஷியோகாமாவுக்கு வந்து எனக்காகக் குனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். பெண் கிடைக்காது என்று எனக்குத் தெரியும், அந்தக் குடையையாவது மரியாதையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் இனி வாழ்நாளில் ஒலிவாங்கியைத் தொடப்போவதில்லை. ரோபோ பாட்டுக்குக்கூட உட்கார்ந்தபடிதான் முஷ்டியை உயர்த்துவேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். ஈரத்தில் முழங்காலைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும். தங்கள் வயலில் தண்ணீர் குறையாமலும், வீட்டில் கூரை ஒழுகாமலும் இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

தங்கள் பாவப்பட்ட மைத்துனன்,
ஹிசாஷி தொகாஷி

பி.கு.: நேற்று இரவு உறையை ஒட்டப்போகும் நேரத்தில் போன் வந்தது. உபுகாதா அவர்கள். நான் போனை வைத்துக்கொண்டே தரையில் மண்டியிட்டேன். "தம்பி, அந்தப் பாட்டு நிக்காமப் போனா எப்படியிருக்கும்னே எனக்கு மறந்து போயிருந்துச்சு. நல்ல பாட்டுதான்" என்றார். கொஞ்சம் இருமினார். "பொண்ணை நீ கட்டிக்கோ. பாட்டை எங்கிட்ட விட்டுடு." சரி, சரி, சரி என்றேன். "ஞாயித்துக்கிழமை குடையை எடுத்துட்டு வா. நான் பாடறேன். நீ அந்த டம்பூரினை எடுத்து அடி. குடையை விரின்னு வரும்போது லேட்டா அடிக்கணும். தப்பா அடிக்கணும், புரியுதா? சும்மா நின்னு நின்னு எனக்கும் கால் வலிக்குது."

ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். இனிப்பை வாங்கியிருந்தால் அக்காவும் தாங்களும் சாப்பிடவும். காலையிலிருந்து சட்டிமூடியை வைத்துப் பழகுகிறேன் அத்தான், பாழாய்ப்போன மூன்று வாரப் பயிற்சி, எத்தனை முறை அடித்தாலும் சரியாகவே விழுகிறது. தாளத்தைத் தாங்கள் எப்படித் தவற விடுகிறீர்கள் என்று தயவுசெய்து உடனே எழுதவும்.